போக்குவரத்து விளக்கு நிரல்: மூன்று பூலியன்களா, ஓர் எனமா?

புதுநிரலர்:
ஜாவாவில் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் ஸ்விங் தொகுப்பைக் கொண்டு ஒரு போக்குவரத்து விளக்கு நிரலை எழுதியிருக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று ரேடியோ பொத்தான்கள் உள்ளன; எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்நிற வட்டம் ஒளிர்ந்து, மேலே “நில்”, “தயாராகு”, “செல்” ஆகியவற்றுள் உரிய சொல் தோன்றுகிறது. இதுவரை பழுதில்லை. பிறகு “தானியங்கி” என்றொரு பொத்தானைச் சேர்த்து, அதை அழுத்தும்போது இயங்கும் மெத்தடுக்குள் (செயற்கூறு) ஒரு முடிவிலாச் சுழலை வைத்து, நிறங்களுக்கு இடையே சற்றுக் காத்திருக்கச் செய்யும் த்ரெட்.ஸ்லீப் அழைத்தேன். அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடுகிறது. மூடும் பொத்தானும் வேலை செய்வதில்லை. எந்த விளக்கு எரிகிறது என்பதை, ஆம் அல்லது இல்லை என்ற மதிப்பை மட்டும் ஏற்கும் மூன்று பூலியன் மாறிகளில் வைத்திருக்கிறேன். அவற்றை நீக்கிவிட்டு எனம் (enum: பெயரிட்ட சில மாறிலிகளை மட்டும் ஏற்கும் வகை) எழுதினால் சரியாகிவிடும் என்கிறார் உடன் பயில்பவர். பிழை அங்கேதான் உள்ளதா?

நிலைப்பொறி:
ஸ்விங்கில் பொத்தானைக் கவனிப்பதும் திரையை வரைவதும் ஒரே த்ரெட் (நிரலின் இயக்க இழை). அதைத் தூங்க வைத்துவிட்டு, அதனிடமே ரீபெயின்ட் (மீண்டும் வரைதல்) கேட்கிறீர்கள். ரீபெயின்ட் அழைத்த உடனே எதையும் வரைந்துவிடுவதில்லை. வரைய வேண்டும் என்ற கோரிக்கையை வரிசையில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. சுழல் முடிந்தால்தான் வரிசை நகரும். உங்கள் சுழலோ முடிவதே இல்லை. சுழலை எடுத்துவிட்டு ஸ்விங் தொகுப்பிலுள்ள டைமரைப் பயன்படுத்துங்கள். யூட்டில் தொகுப்பிலும் டைமர் என்ற பெயரிலேயே ஒரு வகுப்பு உண்டு; அது தனி த்ரெட்டில் இயங்குவதால் இங்கே பொருந்தாது.

உடன் பயில்பவர் காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் அறிவுரையைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். மூன்று பூலியன்கள் 8 சேர்க்கைகளுக்கு இடம் கொடுக்கின்றன. உங்களுக்குத் தேவையானவை மூன்றுதான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிவதை உங்கள் நிரலில் எது தடுக்கிறது? 2004இல் ஜாவா 5 வந்ததிலிருந்து எனம் மொழியிலேயே இருக்கும்போது அதைத் தவிர்க்க நியாயமில்லை.

எளிமைவிரும்பி:
தடுப்பது பட்டன்குரூப். ஒரு குழுவில் ஒரு ரேடியோ பொத்தான்தான் தேர்வாகியிருக்க முடியும் என்பதால், அதிலிருந்து நேரே பெறப்படும் பூலியன்கள் ஒன்றோடொன்று முரண்பட வழியில்லை. தொடக்கத்தில் எதுவும் தேர்வாகாமல் மூன்றும் அணைந்திருப்பதும் முறையான நிலையே. அதற்கு உங்கள் எனத்தில் நான்காவதாக ஒரு மாறிலி வேண்டும், இல்லையேல் எதுவுமில்லை என்னும் ‘நல்’ (null) மதிப்பைச் சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் பச்சைக்கு முன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தே எரிகின்றன. சாலைக் குறியீடுகள், சைகைகள் பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் அதை ஏற்கிறது. “ஒரு நிலை என்றால் ஒரு விளக்கு” என்று எழுதப்பட்ட எனம் அங்கே உடைந்துபோகும். மூன்று பூலியன்களோ கம்பத்தில் உள்ளதை உள்ளபடியே சொல்லும். உறைவுக்கும் பூலியனுக்கும் தொடர்பே இல்லாதபோது, கற்பவரை இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்யச் சொன்னால், எது எதைச் சரிசெய்தது என்பதை அவர் எப்படி அறிவார்?

நிலைப்பொறி:
கடைசிக் கேள்வியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. டைமரை மட்டும் முதலில் மாற்றட்டும். ஆனால் நிலையையும் விளக்கையும் ஒன்றாக்கியது நீங்கள்தான், நான் அல்ல. எனத்தின் ஒவ்வொரு மாறிலியும் தன் கன்ஸ்ட்ரக்டர் (உருவாகும்போது இயங்கும் பகுதி) வழியே மூன்று பூலியன்களையும் ஒரு கால அளவையும் ஏற்கட்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த நிலை அப்போது இன்னொரு வரி, அவ்வளவே. பூலியன்கள் எங்கும் போய்விடவில்லை. நிரல் ஓடும்போது யாரும் திருத்த முடியாத இடத்துக்கு நகர்ந்திருக்கின்றன.

அடுத்த நிலை எது என்பதை மட்டும் அந்தக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்க முயலாதீர்கள். பின்னால் வரும் மாறிலியை முன்கூட்டியே குறிப்பிட, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் விடாது. அதற்கு ஜாவா 14 முதல் நிலைபெற்ற, ஒவ்வொரு மாறிலிக்கும் ஒரு விடை தரும் ஸ்விட்ச் கோவையைப் பயன்படுத்தலாம். மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவான டீஃபால்ட் கிளையை எழுதாமல் விட்டால், ஏதேனும் ஒரு மாறிலியை மறந்தாலும் கம்பைலரே நிறுத்திவிடும்.

புதுநிரலர்:
டைமருக்கு மாறியதும் உறைவு நீங்கியது. பச்சைக்கு 8 வினாடி, மஞ்சளுக்கு 3, சிவப்புக்கு 10 என வைத்து, டைமரை ஒருமுறை மட்டும் இயங்குமாறு அமைத்து, ஒவ்வொரு முறையும் செட்டிலே (setDelay) மூலம் புதிய நேரத்தைக் கொடுத்து ரீஸ்டார்ட் அழைக்கிறேன். ஆயினும் எல்லா விளக்குகளும் 8 வினாடியே எரிகின்றன. முதல் நேரத்திலேயே டைமர் சிக்கிக்கொண்டதுபோல் தோன்றுகிறது.

ஸ்விங்வாசி:
இருவரின் வாதத்திலும் நான் தலையிடவில்லை. இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். செட்டிலே மாற்றுவது இரண்டு நிகழ்வுகளுக்கு இடையிலான நேரத்தை. ஒருமுறை மட்டும் இயங்கும் டைமருக்கு இரண்டாம் நிகழ்வே கிடையாது; ரீஸ்டார்ட் எப்போதும் தொடக்கத் தாமதத்தையே எடுத்துக்கொள்ளும். டைமரை உருவாக்கும்போது கொடுத்த எண் இரண்டுக்கும் சேர்ந்தே அமைந்துவிடுவதால், 8 வினாடி அங்கேயே தங்கிவிட்டது. தொடக்கத் தாமதத்தை மாற்றும் செட்இனிஷியல்டிலே (setInitialDelay) அழைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எளிமைவிரும்பி:
தானியங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது பயனர் சிவப்பை அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். டைமரை நிறுத்தாவிட்டால் அவர் தேர்ந்த சிவப்பு அரை வினாடியிலேயே பச்சையாகிவிடலாம். பூலியனோ எனமோ இதைத் தானாகத் தீர்க்காது. ரேடியோ பொத்தானுக்கான மெத்தடின் முதல் வரியிலேயே டைமரை நிறுத்துவதே தீர்வு.

நிலைப்பொறி அவர்களின் கால அளவு ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவரது எனமும் முழுக் காவல் அன்று. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தை எழுதும்போது சாலைக்கொரு எனமும் டைமரும் வைத்தால், 9 சேர்க்கைகளில் இரு பக்கமும் பச்சை என்பதும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு பக்கமாவது சிவப்பாக இருக்கும் 5 மட்டுமே பாதுகாப்பானவை.

நிலைப்பொறி:
அதை மறுக்க முடியாது. அங்கே நிலை என்பது சாலைக்கு உரியதன்று, சந்திப்புக்கு உரியது. வடக்குப் பச்சை, வடக்கு மஞ்சள், இரண்டும் சிவப்பு, கிழக்குப் பச்சை, கிழக்கு மஞ்சள், மீண்டும் இரண்டும் சிவப்பு என்று ஒரே எனத்தில் ஆறு கட்டங்களாக எழுதி, ஒரே டைமரால் நகர்த்த வேண்டும். இரண்டும் சிவப்பு என்பதை இருமுறை எழுதுவது வீண் அன்று. ஒரே மாறிலியாக வைத்தால் அதன்பின் எந்தச் சாலைக்குப் பச்சை என்பது நிரலுக்குத் தெரியாது.

புதுநிரலர்:
தொடக்கத் தாமதத்தை மாற்றியதும் நேரங்கள் சரியாகிவிட்டன. ரேடியோ பொத்தானை அழுத்தினால் டைமர் நிற்கிறது. பூலியன்களை இன்று அப்படியே விட்டிருக்கிறேன். சந்திப்பைத் தொடங்கும்போது ஆறு கட்ட எனத்தை எழுதிப் பார்க்கிறேன்.