ஐப்பசி மழையில் மேட் வார்னிஷ்: வெள்ளை பூத்த செஞ்சூரியன்

வெலிங்டன்_72
1/72 அளவுல (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) செஞ்சூரியன் டாங்கி, பிளாஸ்டிக் மாடல். 1965 செப்டம்பர் இந்தியா-பாகிஸ்தான் போர், அசல் உத்தர் சண்டையில நம்ம ராணுவத்தோட 3 கேவல்ரி படை ஓட்டின வண்டியா செய்யறதா திட்டம். பச்சை, டமியா அக்ரிலிக், ஏர்பிரஷ்ல அடிச்சது. அதுல குறை இல்லை. மேல லேக்கர் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், ஸ்ப்ரே கேன். பத்தே நிமிஷத்துல வண்டி முழுக்க மோர் தெளிச்ச மாதிரி வெள்ளை. ஈரமானி 91% காட்டுது. எல்லாத்தையும் கரைச்சு எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கணுமா? வாஷ் (இடுக்குல நிழல் காட்டற நீர்த்த பெயின்ட்), சிப்பிங் (பெயின்ட் பெயர்ந்த தழும்பு), செம்மண் தூசி எல்லாம் இன்னும் பாக்கி.

கோத்தகிரி தூரிகை
கரைக்க வேண்டாம்ங்க. கேன்ல இருந்து வர்ற தின்னர் சட்டுனு ஆவியாகிறப்ப அந்த இடமே குளிர்ந்துடும். காத்துல இருக்கிற ஈரம் அது மேல பனி இறங்கற மாதிரி இறங்கி, காயாத வார்னிஷுக்குள்ள மாட்டிக்கும். அந்த வெள்ளைதான் இது. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில லேக்கர் கேனை அலமாரியில பூட்டி வெச்சுடணும். வல்லேஹோ மாதிரி தண்ணி பெயின்ட், நல்ல நுனி இருக்கிற பிரஷ், மெல்லிசா மூணு கோட். மழை எத்தனை நாள் பெஞ்சாலும் கவலை இல்லை.

கோடை_ஏர்பிரஷ்
கடைசி வரியை ஏற்க முடியாது. 90% ஈரத்தில் தண்ணீர் பெயின்ட்டிலிருந்து தண்ணீர் எங்கே போகும்? கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். இரண்டாவது கோட் இழுக்கும்போது கீழ்க் கோட் பிரஷ்ஷோடு உரிந்து வரும். கோட்டுக்குக் கோட் அரை நாளாவது விட வேண்டும். அதைச் சீக்கிரம் காய வைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்தால் வல்லேஹோ தயிர் மாதிரி திரிந்துவிடும்.

வெலிங்டன், முதலில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பரப்பு முழுக்கச் சீராக இருந்தால் ஈரம். மூலை, கிரில், ரிவெட் சுற்றி மட்டும் என்றால் அது வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கக் கலந்திருக்கும் மேட் பொடி தேங்கியது. ஈரம் என்றால் வைத்தியம் சுலபம்: மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, 1 பார் அழுத்தத்தில், 15 செ.மீ. தள்ளி, ஒரு தூவல். வார்னிஷ் மறுபடி இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறும். அடுப்பங்கரை மாதிரி வறண்ட, ஆனால் நெருப்பில்லாத அறையில் செய்யுங்கள்.

கோத்தகிரி தூரிகை
"வைத்தியம் சுலபம்"னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். டமியா அக்ரிலிக் லேக்கர் தின்னர்ல கரையும். ஒரு தூவல் கூடினா வார்னிஷோட பச்சையும் சேர்ந்து ஓடும். பளபளன்னு நனைஞ்சு தெரிஞ்ச அந்த நொடியே நிறுத்தணும். இருபது நிமிஷம் விட்டு அடுத்தது. அப்புறம், லென்ஸுக்கு பூஞ்சை பிடிக்காம பல்ப் போட்டு வெக்கிற பெட்டி நம்ம வீடுகள்ல இருக்குமே, அதுல வாசனை போகாத மாடலை வெக்காதீங்க. தின்னர் ஆவியும் சூடான பல்பும் ஒரே மூடின பெட்டியில கூடாது.

கோடை_ஏர்பிரஷ்
சரிதான், இரண்டும் சரி. கேன்தான் வேண்டும் என்பவர்கள் அதை 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தட்டும், அதற்கு மேல் சூடு ஆகாது. குளிர்ந்த கேனில் அழுத்தம் குறைந்து துளித்துளியாகத் துப்பும். கம்ப்ரசர்காரர்களுக்கு: ஈர வடிகட்டி கம்ப்ரசர் வாயில் இருந்தால் போதாது. சூடான காற்று குழாயில் வரும் வழியில் குளிர்ந்து அங்கேதான் தண்ணீர் விடுகிறது. பிடிக்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

லவ்டேல்
வாஷுக்கு டர்பன்டைன் கிடைக்கலைன்னா நம்ம ஊர் தைலம் நாலு சொட்டு விடலாமா? ஆயில் பெயின்ட் நல்லா கரையுது.

கோத்தகிரி தூரிகை
பெயின்ட் மட்டுமா கரையும்! யூகலிப்டஸ் தைலம் பாலிஸ்டைரீனையே இளக்கும். ஹார்டுவேர் கடை மினரல் டர்பன்டைன் போதும். அதையும் சொட்டச் சொட்ட விடக்கூடாது. இறுக்கி மாட்டின சக்கர அச்சுக்குள்ள இறங்கினா அச்சு வெடிச்சு சக்கரம் கழண்டு வரும். பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு, டர்பன்டைன் பத்துப் பங்கு, பிரஷ் நுனியால தகடு சேர்ற கோடுகள்ல தொட்டு விடணும். ஆனா வெலிங்டன் தம்பி வரிசையே தப்பு. வாஷ் போட்டுட்டுத்தான் மேட். மேட் மேல வாஷ் போட்டா அந்தக் கோடுகளுக்குள்ள ஓடாம சுத்தி கறையா படியும். இப்ப டமியா எக்ஸ்-22 கிளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) ஒரு கோட் அடிச்சு, ரெண்டு நாள் விட்டு வாஷ்.

கோடை_ஏர்பிரஷ்
1/72-க்கு முழு கிளாஸ் தேவையில்லை, அரைப் பளபளப்பே போதும். அந்தக் கறையே புழுதி மாதிரி உதவும்.

எனக்குப் பெரிய ஆட்சேபம் செம்மண் மேல்தான். நம் மலைச் செம்மண் இரும்புச் சிவப்பு. அசல் உத்தர் இருக்கும் கேம்கரன் பகுதி பஞ்சாப் வண்டல் நிலம். காய்ந்தால் வெளிறிய சாம்பல் பழுப்பு. அந்தச் சண்டையில் வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீர் விட்டு, அதில்தான் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கின. ஆகவே சக்கரத்தில் அடர் ஈரச் சேறு, மட்கார்டில் டமியா எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் பழுப்பு) மெல்லிய தூவல். சிவப்பு வைத்தால் வண்டி நீலகிரி கேத்தி பள்ளத்தாக்கில் ஓடியதாகிவிடும்.

கோத்தகிரி தூரிகை
நிறம் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக நிஜ மண்ணையே விட்டுட மாட்டேன். அதோட கரடு கடையில விக்கிற பிக்மென்ட் (நிறப்பொடி)ல வராது. மெல்லிசு துணியில சலிச்சு, தவால வறுத்து (இல்லைன்னா நம்ம ஈரத்துல பூஞ்சை பூக்கும்), அது மேல பஃப் அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது?

கோடை_ஏர்பிரஷ்
அளவு காட்டிக்கொடுக்கும். 0.2 மி.மீ. மணல், 72 மடங்கில் 1.4 செ.மீ. கூழாங்கல். சிப்பிங்குக்கும் இதே கணக்கு: அரை மி.மீ. புள்ளி வைத்தால் நிஜத்தில் 3.6 செ.மீ. பெயின்ட் பெயர்ந்த இடம். பெயின்ட்டுக்கு அடியில் ஹேர்ஸ்பிரே அடித்து, பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துப் பெயர்க்கும் முறையை விடுங்கள். இந்த ஈரத்தில் அது பிசுபிசுத்து, தேய்த்தால் ஒரு பக்கத் தகடே மொட்டையாகும்.

கோத்தகிரி தூரிகை
அந்தப் பக்கத் தகடு விளிம்பு அடிபடாம எப்படிங்க இருக்கும்? அங்க மட்டும் பச்சையில கொஞ்சம் பஃப் கலந்து மயிரிழைக் கோடு. துரு வேணும்னா பின் மட்கார்டு மேல இருக்கிற ரெண்டு சைலன்சரோட நிறுத்திக்கலாம்.

வெலிங்டன்_72
லெவலிங் தின்னர் ரெண்டு தூவல் போட்டாச்சு. டரெட், பக்கத் தகடு எல்லாம் பச்சை திரும்பிடுச்சு. எஞ்சின் டெக் கிரில்ல மட்டும் வெள்ளை அப்படியே நிக்குது. மூணாவது தூவல் போடட்டுமா?

கோடை_ஏர்பிரஷ்
வேண்டாம். அது பொடி. பிரஷ்ஷால் அங்கே மட்டும் கிளாஸ் தொட்டு விடுங்கள், மறையும்; மேலே வாஷ் வரத்தானே போகிறது.

கோத்தகிரி தூரிகை
கேனை எவ்வளவு நேரம் குலுக்கினீங்க தம்பி?

வெலிங்டன்_72
ஒரு பத்து செகண்டு.

கோத்தகிரி தூரிகை
உள்ள கலக்கற கோலிக்குண்டு சத்தம் கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் குலுக்கணும்ங்க, அப்பதான் பொடி கலக்கும்.