டிவிடி எழுதாமல் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க முடியுமா?

கேள்வி: விண்டோஸ் 10 லேப்டாப், 8 ஜிபி ரேம், டிவிடி டிரைவ் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் மின்ட் பார்க்க வழி உண்டா?

பதில்: 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் வென்டாய் (Ventoy, பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்க உதவும் மென்பொருள்) நிறுவுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே ஃபைல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து, 'எஜெக்ட்' கொடுத்த பிறகே பிடுங்குங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பல லேப்டாப்களில் எஃப்12 (எச்பி என்றால் எஃப்9) தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும்; அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்: 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்று நிற்கிறதே?

பதில்: செக்யூர் பூட் (நம்பிக்கையான சாவி இல்லாத மென்பொருளைத் தொடங்கவிடாத பாதுகாப்பு) வேலை அது. ஓகே கொடுத்து, 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' போய், வென்டாயின் சின்ன பார்ட்டிஷனில் உள்ள சாவி ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

இன்னொரு பதில்: டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' ஐகான் கண்ணில் படும், அந்தப் பக்கம் போகவேண்டாம். இப்படி நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் 'லைவ்' முறையில் சேமிப்பதெல்லாம் ரேமில்தான். ஷட்டவுன் செய்தால் போச்சு.