ஆப்ட் நடுவில் நின்று கேள்வி கேட்காமல் ஓட என்ன வழி?
வணக்கம் நண்பர்களே. உபுண்டு 22.04 லினக்ஸ் ஓடும் சர்வர்களில் எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து உள்நுழைந்து), ஆப்ட் என்ற நிறுவும் கருவியைக் கொண்டு ஒரே ஸ்கிரிப்ட்டில் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவுகிறேன். இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், எந்த சர்வீஸ்களை மறுபடி தொடங்கலாம் என்று கேட்டு ஊதா நிறத் திரை அப்படியே நிற்கிறது.

ஆப்ட்-கெட் கட்டளைக்கு "மைனஸ் ஒய்" கொடுத்திருந்தேன். அது "தொடரலாமா?" என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். சரி என்று, கேள்வி கேட்க வேண்டாம் எனச் சொல்ல, டெபியன்_ஃப்ரண்ட்எண்ட் மாறியை நான்இன்டராக்டிவ் என எக்ஸ்போர்ட் செய்தேன். அப்புறமும் அதே திரை! சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டுவது) அந்த மாறியை உள்ளே விடுவதில்லை என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விட்டது. சூடோவுக்குப் பின்னால் அதே வரியில் எழுதியதும் திரை வரவில்லை.

மிச்சம் இருப்பது கான்ஃபிக் ஃபைல் (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்). நான் கையால் திருத்திய ஃபைலைப் பார்த்ததும், பழையதா புதியதா என்று கேட்டு டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜை நிறுவும் நிரல்) நின்றுவிடுகிறது. அதற்கு ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு என்ற ஆப்ஷன் கொடுத்தால் என் ஃபைல் தங்கும்; புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால் சேர்ந்து பக்கத்தில் வரும். ஆனால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு மட்டும் பழையது, மற்றவற்றுக்குப் புதியது வேண்டும். ஒரே ஓட்டத்தில் பேக்கேஜ் வாரியாக இதைச் சொல்ல முடியுமா, இல்லை இரண்டாகப் பிரித்து ஓட்டுவதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் உங்கள் கட்டளை வரியை அப்படியே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.