ரக்பி லீக்: சிக்ஸ் அகெய்ன் கொடுத்தால் உண்மையில் யாருக்கு லாபம்?

ஈசூன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் நான்கு வருடம் ரக்பி ஆடியவன் நான், ஆனால் அது ரக்பியின் இன்னொரு வகையான யூனியன். லீக் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது, வேலையிடத்தில் இருக்கும் சிட்னிக்காரர் ஒருவர் இழுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பெரிய ஆட்டம் சிங்கப்பூரில் நமக்கு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும் என்பதால் வேலை முடிந்து புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன்.

என் சந்தேகம் இந்த சிக்ஸ் அகெய்ன் பற்றி. ஆறு டேக்கிளுக்குள் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள்) ஸ்கோர் செய்ய வேண்டும், இல்லையென்றால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவரை புரிகிறது. டேக்கிள் செய்தவன் எழாமல் மேலேயே படுத்திருந்தால் நடுவர் கையை ஆட்டுகிறார், மணி அடிக்கிறது, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குகிறது. சரி. ஆனால் போன வாரம் நான் ஆதரித்த அணி கோல்கோட்டுக்குப் பக்கத்தில் தடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்து மூன்று முறை இப்படி ஆனது. பதினைந்து டேக்கிளுக்கு மேல் மூச்சு வாங்காமல் தடுத்துவிட்டு கடைசியில் டிரை (எதிரணி கோல்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் ஸ்கோர்) விட்டுக்கொடுத்தார்கள். என்ன தப்பு செய்தார்கள், யார் செய்தது, ஒன்றுமே தெரியவில்லை. யூனியனில் விசில் ஊதி, கையைக் காட்டி, என்ன குற்றம் என்று நடுவர் வாயாலேயே சொல்வார். இங்கே ஏன் அது இல்லை? இன்னொன்று, சில அணிகள் வேண்டுமென்றே இந்தத் தப்பைச் செய்வதுபோல் தோன்றுகிறதே, அது எப்படி லாபமாகும்?

பிரிஸ்பன்_ரிட்டர்ன்:

நான் பிரிஸ்பனில் ஆறு வருடம் இருந்தவள், அங்கே லேங் பார்க் மைதானத்தில் நேரில் பார்த்துப் பழகியவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த விதி இன்றைய வடிவத்தில் வந்தது 2020இல். கோவிட்டால் மார்ச்சில் நிறுத்திய என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டி) ஆட்டங்கள் மே கடைசியில் மறுபடி தொடங்கியபோது இரண்டு மாற்றங்களைச் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ரக்கில், அதாவது டேக்கிள் ஆன இடத்தில், நடக்கும் தப்புகளுக்குப் பெனால்ட்டிக்குப் பதில் சிக்ஸ் அகெய்ன், அப்புறம் 2009 முதல் இருந்த இரண்டு நடுவர் முறையைத் தூக்கிவிட்டு ஒரே நடுவர். இங்கிலாந்தின் சூப்பர் லீக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சிக்ஸ் அகெய்னை எடுத்துக்கொண்டது. 2021இல் என்ஆர்எல் இன்னும் ஒரு படி போய், டேக்கிள் ஆனதும் பத்து மீட்டர் பின்வாங்காமல் நிற்பவர்களுக்கும் அதே தண்டனை என்றது.

நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. அதற்கு முன்பு டேக்கிளை மல்யுத்தம்போல் ஆக்கியிருந்தார்கள், மூன்று பேர் மேலே விழுந்து ஒவ்வொருவராக எழுந்திருப்பதற்குள் தடுப்பு வரிசை நிதானமாக நின்றுவிடும். பெனால்ட்டி கொடுத்தால் ஆட்டம் நிற்கும், பந்தை வெளியே உதைப்பார்கள், எல்லோரும் தண்ணீர் குடிப்பார்கள், தப்பு செய்த அணிக்கும் ஓய்வு கிடைத்துவிடும். அந்த ஓய்வைப் பறிப்பதுதான் சிக்ஸ் அகெய்னின் வேலை. வேகம் நிஜமாகவே கூடியது, ஆனால் 2021 பருவத்தில் பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் நடந்த ஆட்டங்கள் பார்க்கவே கஷ்டமாக இருந்தன. ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான், திரும்பி வர ஒரு நிறுத்தம்கூடக் கிடைக்காது.

பாடாங்_டச்:

அக்கா சொன்னது சரி. தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விதியின் ஓட்டையே அங்கேதான் இருக்கிறது. நான் வார இறுதிகளில் டச் ரக்பிக்கு நடுவராக நிற்பவன் (கீழே தள்ளாமல் தொட்டாலே டேக்கிள் ஆன கணக்கு; டச் லீக்கிலிருந்து பிறந்ததுதான், அதே ஆறு கணக்கு), அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

பெனால்ட்டிக்கு விலை எப்போதும் கனமானது. சிக்ஸ் அகெய்னுக்கு அப்படி இல்லை, எத்தனையாவது டேக்கிள் என்பதைப் பொறுத்து விலை மாறும். முதல் டேக்கிளில் எதிரணிக்காரனைப் பிடித்து அழுத்தி வைத்திருந்தால் அவனுக்கு மிச்சம் இருந்தது ஐந்து, இப்போது ஆறு. அவ்வளவுதான், நான் இழந்தது ஒரே ஒரு டேக்கிள். அதற்குப் பதிலாக என் வரிசை முழுவதும் பின்வாங்கி நின்றுவிட்டது. அதே தப்பை ஐந்தாவது டேக்கிளில் செய்தால் ஐந்து டேக்கிள் இனாம், அதுவும் என் கோல்கோட்டுக்கு முன்னால் என்றால் உயிர் போய்விடும்.

பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. எதிரணி தன் பகுதியின் ஆழத்திலிருந்து புறப்படும்போது முதல் ஒன்றிரண்டு டேக்கிளில் வேண்டுமென்றே தாமதப்படுத்துவது. பழைய விதி என்றால் பந்தை வெளியே உதைத்து முப்பது நாற்பது மீட்டர் முன்னேறிப் புதுசாக ஆறு டேக்கிள் வாங்கியிருப்பார்கள், புது விதியில் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதனால்தான் 2022இல் திருத்தினார்கள், பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டர் கோட்டுக்குள் இருந்தால் சிக்ஸ் அகெய்ன் கிடையாது, முழுப் பெனால்ட்டி என்று. என்னைக் கேட்டால் 2020இலேயே இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

கபடி பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள், உடனே அணிகள் அதற்கேற்ற ஆளை அந்த ரெய்டுக்கென்றே வைத்துக்கொண்டன. விதி எழுதுபவர் ஆட்டத்தை மட்டும் நினைத்தால் போதாது, மறுநாள் காலையில் பயிற்சியாளர் என்ன கணக்குப் போடுவார் என்றும் நினைக்க வேண்டும்.

ஜூரோங்_ராசு:

எனக்கு நடுவர்கள் மேல்தான் கோபம். 2019 என்ஆர்எல் கிராண்ட் ஃபைனல் பார்த்தீர்களா, கான்பெராவும் சிட்னி ரூஸ்டர்ஸும் மோதியது? 8-8, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள், கான்பெராவுக்கு சிக்ஸ் அகெய்ன் என்று நடுவர் கையைக் காட்டிவிட்டு உடனே மாற்றிக்கொண்டார். கான்பெராவின் ஜாக் வைட்டன் இன்னும் டேக்கிள் இருக்கிறது என்று நம்பிப் பந்தோடு விழுந்தார், பந்து ரூஸ்டர்ஸ் கைக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் அவர்களின் டெடெஸ்கோ டிரை, 14-8. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பாடாங்_டச்:

ராசு அண்ணே, வலி புரிகிறது. ஆனால் அது வேறு சிக்ஸ் அகெய்ன். தடுப்பு அணி பந்தை விளையாட முயன்று தொட்டால் எண்ணிக்கை திரும்பும், அது பழைய விதி. இப்போது பேசுவது ரக் தப்புக்கு. தவிர கடைசியில் எடுத்த முடிவு சரியானதுதான், முதலில் காட்டிய சைகைதான் தப்பு. அதில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே, நடுவரின் கையை நம்பித்தான் ஆட்டக்காரன் அடுத்த அடியை வைக்கிறான்.

இரண்டு நடுவர் இருந்த காலத்தில் ஒருவர் ரக் பக்கத்தில் நிற்பார், மற்றவர் பத்து மீட்டர் தள்ளி தடுப்பு வரிசையோடு நிற்பார். இப்போது ஒரே ஆள் அந்தப் பத்து மீட்டரில் நின்றுகொண்டு, வரிசையில் யார் முந்துகிறார், ரக்கில் யார் கையை எடுக்கவில்லை, மார்க்கர் (டேக்கிள் ஆனவனுக்கு எதிரே நிற்கும் தடுப்பாளர்) நேராக நிற்கிறாரா, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும், கோட்டோரம் நிற்கும் டச் ஜட்ஜ்கள் காதில் சொல்வதையும் கேட்க வேண்டும். சில நொடிகளில் அடுத்த டேக்கிள் வந்துவிடும். நான் டச்சில் நிற்கும்போதே, அங்கே யாரும் யாரையும் கீழே தள்ளுவதில்லை, அப்படியிருந்தும் இருபதாவது நிமிடத்தில் என் கண் சோர்ந்துவிடும்.

ஈசூன்காரன்:

அண்ணே, இப்போதுதான் விளங்குகிறது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கச் சொல்லும் கேப்டன் சேலஞ்ச் என்று ஒன்று இருக்கிறதே, அந்த மூன்று சிக்ஸ் அகெய்னில் ஒன்றையாவது எங்கள் கேப்டன் சேலஞ்ச் செய்திருக்கலாமே?

பிரிஸ்பன்_ரிட்டர்ன்:

முடியாது தம்பி. நடுவர் ஆட்டத்தை நிறுத்தும் முடிவுகளைத்தான் சேலஞ்ச் செய்யலாம். சிக்ஸ் அகெய்னில் ஆட்டம் நிற்பதே இல்லை, அதனால் யாரும் கேட்க வழியில்லை, வீடியோ பார்த்து முடிவு சொல்லும் பங்கரும் திரும்பிப் பார்க்காது. எனக்கு இந்த விதியில் அதிகம் பிடிக்காத விஷயம் இதுதான். ஒரு சாதாரணப் பெனால்ட்டியைக் கேள்வி கேட்கலாம், கோல்கோட்டுக்கு முன்னால் ஐந்து டேக்கிள் தூக்கிக் கொடுக்கும் முடிவைக் கேட்க முடியாது. ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், என்ன குற்றம், எந்த எண் ஆட்டக்காரர் என்று திரையில் உடனே போட்டாலே பாதி மனக்கசப்பு போய்விடும்.

ஜூரோங்_ராசு:

அதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அணிகள் மேலும் தப்பு இருக்கிறது. கோல்கோட்டில் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடித்தால் நடுவர் ஒருவரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்பலாம், பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டு பேர். நடுவர்கள் அதைச் செய்யத் தயங்குகிறார்கள். இரண்டாவது முறையே அனுப்பினால் மூன்றாவது முறை எவன் செய்வான்?

பாடாங்_டச்:

அதுவும் நியாயம். தம்பி, இந்த வெள்ளிக்கிழமை பார்க்கும்போது ஒரு தாள் வைத்துக்கொள். ஒவ்வொரு சிக்ஸ் அகெய்னுக்கும் எத்தனையாவது டேக்கிள், மைதானத்தில் எந்த இடம், இரண்டை மட்டும் குறி. ஸ்கோரைப் பார்க்காதே. பாதி ஆட்டத்திலேயே எந்த அணி தெரியாமல் தப்பு செய்கிறது, எது கணக்குப் போட்டுச் செய்கிறது என்று உனக்கே பிடிபட்டுவிடும். சனிக்கிழமை காலை இங்கே போடு, சேர்ந்து பார்க்கலாம்.