கறுப்பு வெள்ளை நெகற்றிவ்களை ஸ்கான் செய்து பெரிதாக அச்சிட்டால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்துவிடுகின்றன: எங்கே தவறுகிறேன்?

வாவிக்கரை, மட்டக்களப்பு:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1960களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக்கு மேலாக, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகளைப் படம்பிடித்து வைத்திருந்தார். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது அவற்றில் பாதிக்கு மேல் மழையில் அழிந்துவிட்டன. எஞ்சியவை ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடந்து, அவர் காலமான பின்பு என் கைக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஆறு ஆறு படங்களாக வெட்டப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிம் துண்டுகள். நாற்பது வரையில் 120 பிலிமில் எடுத்த சதுரப் படங்கள். குடைபோல் விரிந்த கரப்பு உடுப்புடன் நிற்கும் வடமோடிக் கூத்து அரசர்களும், மத்தளத்தோடு ஆடுகளமான களரியின் நடுவில் நிற்கும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவிமாரும், கூத்தர் முதன்முதல் சதங்கை அணியும் நாளில் எடுத்த படங்களும் அவற்றில் உண்டு.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் இவற்றுள் இருபது படங்களை, 35 மில்லிமீற்றர் படங்கள் என்றால் 12க்கு 18 அங்குலத்திலும் சதுரப் படங்கள் என்றால் 16க்கு 16 அங்குலத்திலும், அச்சிட்டு மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. நகரத்துக் கடை ஒன்றில் முதலில் கொடுத்தேன். அவர்கள் தந்த ஜேபெக் கோப்புகள் 1800க்கு 1200 புள்ளிகள் அளவே இருந்தன. அச்சில் அண்ணாவியாரின் வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தாள் போலவும், பின்னால் அமர்ந்திருந்த சனம் ஒரே இருட்டாகவும், மொத்தப் படமும் இலேசான பச்சை சாயலோடும் வந்தன. பின்பு நண்பர் ஒருவரின் எப்சன் வி600 ஸ்கானரைக் கடன் வாங்கி, 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளிகள்) என்று வைத்துப் பார்த்தேன். கோப்பு பெருத்ததே தவிர வேட்டி அப்படியேதான் இருக்கிறது. தூசி நீக்கும் வசதியைத் தெரிவு செய்தபோது முகத்தின் ஓரங்களும் கண் இமைகளும் கரைந்து போயின. படம் எடுத்த கை கெட்டிக்காரக் கை என்பது எனக்குத் தெரியும். பிழை என்னிடம் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்லித் தரவேண்டும்.

இருட்டறை, கல்முனை:

தம்பி, ஸ்கானரைத் தொடுவதற்கு முன்பு அந்த நெகற்றிவில் மடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வெள்ளைத் திரை ஒன்றை ஒளிரவைத்து, அதற்கு மேலே பிலிமைப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வேட்டி இருக்கும் இடத்தை மட்டும் நோக்குங்கள். நெகற்றிவில் வேட்டிதான் மிகக் கறுத்த பகுதி. அந்தக் கறுப்புக்குள் இலேசாக வெளிறிய கோடுகள் தெரிந்தால் மடிப்பு அங்கே பத்திரமாக இருக்கிறது என்று பொருள். பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த இரவுப் படங்களில் அது இருப்பதையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். இருட்டறையில் இப்படியான நெகற்றிவ் வந்தால், தாள் முழுவதற்கும் வெளிச்சம் கொடுத்து முடித்த பின்பு, இரண்டு கைகளையும் குவித்து விரல்களுக்கு நடுவே சிறிய ஓட்டை விட்டு, அந்த ஓட்டையால் வேட்டிக்கு மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து விநாடி வெளிச்சம் விடுவோம். அப்போது தாளில் மடிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். ஸ்கானரின் தானியங்கி முறை அந்த வேலையைச் செய்வதில்லை. படத்தின் இரு ஓரத் தொனிகளையும், அதாவது மிக வெளிறியதையும் மிக இருண்டதையும், வெட்டி எறிந்து, நடுவில் இருப்பதைப் பளிச்சென்று நீட்டிக் காட்டுவதே அதன் வழக்கம், உங்கள் வேட்டியும் பின்னால் இருந்த சனமும் அந்த வெட்டில்தான் போயிருக்கின்றன.

ஆகவே தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, 16 பிற் சாம்பல் நிறம் என்ற தெரிவில், தொனி வரைபடத்தின் இரு முனைக் குறிகளையும் வரைபடத்துக்கு வெளியே தள்ளி வைத்து ஸ்கான் செய்யுங்கள். வரும் படம் சாம்பல் பூசியது போல உயிரற்றுத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது அதுதான், ஏனென்றால் எதுவும் வெட்டப்படாமல் முழுவதும் உள்ளே வந்திருக்கிறது. 8 பிற் கோப்பில் ஒரு புள்ளிக்கு 256 சாம்பல் படிகளே உண்டு, 16 பிற்றில் 65,536; வேட்டியின் தொனியைப் பின்னர் கீழே இறக்கும்போது பட்டை பட்டையாகப் பிளக்காமல் இருப்பதற்கு இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். கோப்பை விவரம் இழக்காத டிஃப் வடிவில் சேமியுங்கள். கூர்மையாக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்; அது அச்சுக்கு முன்பு கடைசியாகச் செய்யும் வேலை.

தூசி நீக்கும் வசதி உங்கள் பிலிமுக்கு ஒருபோதும் பொருந்தாது. அது செங்கீழ்க் கதிரால் இயங்குகிறது, அகச்சிவப்புக் கதிர் என்றும் அதைச் சொல்வார்கள். கலர் பிலிமின் சாயங்கள் அந்தக் கதிரை ஊடே விட்டுவிடும், தூசி மறிக்கும், ஆகவே மறிப்பதையெல்லாம் தூசி என்று கணித்து ஸ்கானர் அழித்துவிடும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவம் வெள்ளி உலோகத்தால் ஆனது, அந்த வெள்ளியும் கதிரை மறிக்கிறது. கண் இமைகளைத் தூசி என்று நினைத்து அது துடைத்ததற்குக் காரணம் இதுவே. ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, மீதியைக் கணினியில் கையால் ஒவ்வொன்றாக நீக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி அளவு. 35 மில்லிமீற்றர் படம் ஒன்று 24க்கு 36 மில்லிமீற்றர். பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும் இந்த விலையிலுள்ள தட்டை ஸ்கானர்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 1600 புள்ளிகள்தான். அதற்கு மிக மேலே வைப்பது கோப்பைப் பெருக்குமே ஒழிய விவரத்தைக் கூட்டாது. 36 மில்லிமீற்றரில் 1600 என்றால் 2268 புள்ளிகள், அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 126. சுவரில் மாட்டும் படத்துக்கு 200க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆனால் உங்கள் சதுரப் படங்களின் பக்கம் 56 மில்லிமீற்றர். அதே ஸ்கானர் அவற்றில் 3500 புள்ளிகளைத் தரும், 16 அங்குலத்தில் அது 220. எனவே சதுரப் படங்களைக் கடன் வாங்கிய ஸ்கானரிலேயே, 2400 என்று வைத்து, தயங்காமல் செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் பிலிமுக்கு அதற்கென்றே செய்த பிலிம் ஸ்கானர் வேண்டும், அல்லது கமராவால் படியெடுக்க வேண்டும்.

அக்கரைக் கமரா, அக்கரைப்பற்று:

இருட்டறை ஐயா சொன்னவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, கமராவால் படியெடுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் இப்படித்தான் செய்து வருகிறேன். 24 மெகாபிக்சல் கமரா ஒன்றில் படச்சட்டம் நிறையும்படி எடுத்தால் 6000க்கு 4000 புள்ளிகள் கிடைக்கும், உங்கள் 18 அங்குல அச்சில் அது அங்குலத்துக்கு 333. நெருங்கி எடுக்கும் மக்ரோ வில்லை கட்டாயம் வேண்டும். திருமண வீடுகளில் மோதிரப் படம் எடுப்பவர்களிடம் அது இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம்.

கமராவும் பிலிமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருப்பதுதான் இந்த வேலையின் உயிர். கொஞ்சம் சரிந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். இதற்கு நான் கைக்கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்துகிறேன்: பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கிடத்தி, மேலிருந்து பார்க்கும் கமராவின் திரையில் அதன் வில்லையே தெரியும் வரை குவித்து, வில்லையின் கரிய வட்டம் திரையின் சரி நடுவில் வந்து நிற்கும் வரை முக்காலியைச் சிறிது சிறிதாகத் திருத்துவேன். அது நடுவில் நின்றுவிட்டால் கமரா சமாந்தரமாகிவிட்டது. பின்பு கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிலிமை வைக்கலாம்.

ஒளித்தட்டின் மேல் பிலிமை நேரே ஒட்டி வைக்க வேண்டாம், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்துங்கள். அப்போது தட்டிலுள்ள தூசி குவியத்துக்கு வெளியே போய்விடும். கைபேசித் திரையை வெளிச்சமாக வைத்தால் அதன் புள்ளிகள் படத்தில் விழும், ஆகவே நடுவில் பால் நிறப் பிளாஸ்ரிக் ஒன்று வேண்டும். படத்தைச் சுற்றிக் கறுப்புத் தாளால் மறைத்து, அறை விளக்கை அணைத்து, வில்லைத் துவாரம் எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, பொத்தானை அழுத்திய பின் இரண்டு விநாடி தாமதம் என்று வைத்து, கமரா திருத்தாத றோ கோப்பாக எடுக்க வேண்டும். படங்களுக்கு இடையில் உருவம் எதுவும் இல்லாத தெளிந்த பிலிம் பட்டை தெரியும் அல்லவா, அது முழு வெள்ளையாகி வெட்டுப்படாமல் அதற்குச் சற்று முன்பாக நிற்கும் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வேட்டி கமராவுக்கு மிக இருண்ட பகுதி என்பதால், வெளிச்சம் போதாமல் எடுத்தால் மடிப்புகள் இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகளுக்குள் புதைந்துவிடும். மிகவும் கறுத்த நெகற்றிவ் என்றால் இரண்டாவது படம் ஒன்றை நான்கு மடங்கு நேரம் கொடுத்து எடுத்து, வேட்டியை மட்டும் அதிலிருந்து சேர்க்கலாம்.

பக்கம் மாறாமலும் பாருங்கள். பிலிமின் பளபளப்பான பக்கம் உங்களை நோக்கி இருக்கும்போதுதான் ஓரத்து எழுத்துகள் நேராக வாசிக்கப்படும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் அச்சிட்டு, மத்தளக்காரர் எல்லோரையும் இடங்கைக்காரர் ஆக்கிவிட்டேன், படத்தில் இருந்தவரின் மகன்தான் அதைக் கண்டு சொன்னார்.

இன்னொன்று, மழையில் நனைந்த பிலிம்களைப் பற்றி. பூஞ்சணம் பிடித்த பிலிமைத் தண்ணீரால் கழுவவே கூடாது. உருவத்தைத் தாங்கும் ஜெலற்றின் படலம் பூஞ்சணம் தின்ற பின்பு தண்ணீரில் கரையும், உருவமும் அதோடு போய்விடும். பளபளப்பான பக்கத்தை மட்டும், உயர் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் தோய்த்த மென்துணியால், முதலில் உருவமில்லாத துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிரிக்க இழுக்க வேண்டாம். பேணியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால், அந்த மணமுள்ள துண்டுகளை வேறாக்கி அவற்றை முதலில் படியெடுங்கள். பிலிமின் அசற்றேற் பிளாஸ்ரிக் அடித்தளமே சிதைகிறது என்பதற்கு அது அடையாளம், அதைத் திருப்ப முடியாது. மூடிய பேணிக்குள் அந்த அமில ஆவி மற்றப் பிலிம்களையும் கெடுக்கும் என்பதால், எல்லாவற்றையும் கடதாசி உறைகளுக்கு மாற்றுங்கள். மார்கழி மாரியில் எங்கள் பகுதிக் காற்றின் ஈரத்துக்குப் பிலிம், ஸ்கானரின் கண்ணாடியில் ஒட்டி வானவில் வளையங்கள் போடும், ஆகவே இயன்றால் மழைக்கு முன்பு வேலையை முடித்துவிடுவது நல்லது.

மட்டுநகர், மட்டக்களப்பு:

பச்சை சாயலுக்கு மட்டும் பதில். கடைகளின் இயந்திரங்கள் கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர்த் தாளில்தான் அச்சிடுகின்றன. மூன்று சாயங்கள் சேர்ந்து சாம்பல் நிறத்தை உண்டாக்க வேண்டியிருப்பதால், சமநிலை சிறிது பிசகினாலும் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று கறுப்பு, சாம்பல் மைகள் உள்ள நிறமி மை அச்சியந்திரத்தில் மங்கல் தாளில் அச்சிட்டால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். கடையிலேயே செய்வதென்றால் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் கொடுத்து, தானியங்கித் திருத்தத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் அச்சிடுவதற்கு முன்பு, இறுதி அளவிலான கோப்பிலிருந்து முகமும் வேட்டியும் வரும் 4க்கு 6 அங்குலத் துண்டை மட்டும் வெட்டி அச்சிட்டு, அதை மண்டபத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய படத்தின் விலையில் பெரிய படம் எப்படி வரும் என்று தெரிந்துவிடும்.

வாவிக்கரை, மட்டக்களப்பு:

மூவருக்கும் மிகுந்த நன்றி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன், மடிப்புகள் இருக்கின்றன. இருட்டறை ஐயா சொன்னபடி ஸ்கானரில் சதுரப் படம் ஒன்றை வெட்டாமல் எடுத்து, வேட்டியை மட்டும் மெல்ல இறக்கியபோது, இடுப்பில் சொருகிய கொய்யகத்தின் ஒவ்வொரு மடிப்பும் வந்தது. அதை விட, ஒரே இருட்டாக இருந்த பின்புறத்தைக் கொஞ்சம் தூக்கியபோது, களரியின் ஓரத்தில் பாயில் தாயின் மடியில் தலை வைத்துத் தூங்கும் சிறுவன் ஒருவன் தெரிந்தான். அவனுடைய ஒரு கை பாய்க்கு வெளியே மணலில் கிடக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய சிறிய அச்சில் அவன் இருந்ததே இல்லை.

ஒரு கேள்வி மிச்சம். சூறாவளி மழையில் நனைந்த ஒரு நெகற்றிவில், அரசரின் நெஞ்சுக்குக் குறுக்கே நீர்க்கறை ஒன்று இருக்கிறது. அதைக் கணினியில் அழித்துவிடவா?

இருட்டறை, கல்முனை:

ஸ்கான் செய்த மூலக் கோப்பில் எதையும் தொடாதீர்கள், அதைத் தனியே பூட்டி வைத்துவிட்டு அச்சுக்கு வேறொரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் தூசியையும் கீறலையும் நீக்கலாம். நீர்க்கறையை நான் விட்டுவிடுவேன், ஏனென்றால் அது முகத்தை மறைக்கவில்லை, 1978ஐ அனுபவித்த எவரும் மண்டபத்தில் அதைப் பார்த்தவுடன் அறிந்துகொள்வார்கள். அக்கரைக் கமரா தம்பிக்கு வேறு கருத்து இருக்கலாம்.

மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றைப் படுவான்கரையில் உறவினர் ஒருவரின் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கரையோரத்து வீடுகளில் இருந்த அல்பங்களும் நெகற்றிவ்களும் ஒரே காலையில் போனதை நான் என் கண்ணால் கண்டவன். 35 மில்லிமீற்றர் துண்டுகளை அடுத்த சனிக்கிழமை கல்முனைக்குக் கொண்டுவர முடிந்தால், என்னிடமுள்ள பிலிம் ஸ்கானரில் முதல் பன்னிரண்டையும் சேர்ந்து செய்வோம். வினாகிரி மணம் உள்ளவற்றைத் தனி உறையில் கொண்டு வாருங்கள்.