பூலாவ் கெத்தாம் போய் நண்டு சாப்பிட்டு அன்றைக்கே திரும்ப முடியுமா?

செரம்பான் கவி:

வணக்கம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், போர்ட் கிள்ளானிலிருந்து படகில் போகும் பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியார் சைவம், முட்டி வலி வேறு. கோமுட்டர் ரயிலிலேயே போய்விடலாம் என்கிறார் கணவர். ஏற்கெனவே போய் வந்த தோழி ஒருத்தியோ, "சேறும் நாற்றமும்தான். நண்டு கிள்ளானிலேயே கிடைக்கும், எதற்கு அவ்வளவு தூரம்?" என்கிறாள். எந்தக் கடை, என்ன விலை, எப்போது போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்:

நான் போர்ட் கிள்ளான்காரன். துறைமுகத்தில் சரக்கு வேலை. தீவில் சீன நண்பர்கள் உண்டு, அதனால் அடிக்கடி போவேன்.

உங்கள் தோழி சொன்ன சேறும் நாற்றமும் பொய்யில்லை. ஆனால் அவர் போன நாள் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். இந்தக் கடலில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். காலை ஆறு ஏழு மணிக்குத் தண்ணீர் பொங்கி நிற்கும். சரியாக நீங்கள் சாப்பிட உட்காரும் நண்பகலில் எல்லாம் வற்றிப்போய், வீடுகளுக்கு அடியில் சேறும் குப்பையும் தெரியும். அந்த ஊரே சதுப்புக்காட்டுச் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது. வீடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் கம்பங்களின் மேல்தான்.

அதனால் நான் பார்ப்பது தினசரிக் காலண்டரைத்தான். அஷ்டமி, நவமி அன்று போங்கள். ஊரில் எல்லாரும் பயணம் வேண்டாம் என்று சொல்லும் அதே அஷ்டமிதான்! தேய்பிறையோ வளர்பிறையோ, அப்போது கடல் அதிகம் ஏறாது, அதிகம் வற்றாது. ஏற்றமும் நண்பகலை ஒட்டி வரும். கடையில் உட்கார்ந்தால் காலடியில் தண்ணீர் இருக்கும், காற்றும் நன்றாக வரும். போகிற நாளுக்கான அலை அட்டவணையையும் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செரம்பானிலிருந்து கோமுட்டர் வேண்டாம். கேஎல் சென்ட்ரலில் மாறி, போர்ட் கிள்ளான் கடைசி நிலையம் வரை வருவதற்குள் பிள்ளைகள் உங்களைத் தின்றுவிடுவார்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு அது சரி, நிலையத்திலிருந்து ஜெட்டி, அதாவது படகுத்துறை, நடக்கிற தூரம்தான். நீங்கள் காரில் வாருங்கள். காலையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பசியாறிவிட்டு, மாமியாருக்கு அங்கேயே தயிர்சாதம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் "காய்கறிதானே" என்று கங்கோங் கீரை சொன்னால் அதில் பிளாச்சான் போட்டிருப்பார்கள், அதாவது இறால் விழுது. எல்லாவற்றையும் புரட்டும் சட்டியும் ஒன்றுதான்.

படகு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். மூடிய படகு, ஏ.சி. குளிரும், மாமியாருக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சில படகுகள் வழியில் சுங்கை லீமா என்ற சின்னக் கிராமத்தில் நிற்கும். அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள். கெத்தாமில் இறங்கியதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பது. சாயங்காலம் ஐந்து ஆறு மணியோடு முடிந்துவிடும், வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் மாறும்.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன், சமையல்காரர் மாறினால் கடை மாறிவிடும். விலையும் அப்படித்தான், அன்றன்றைக்கு ஒன்று. உட்காருமுன் தொட்டியருகே போய் "செக்கிலோ பெராப்பா?", அதாவது கிலோ எவ்வளவு என்று கேளுங்கள், எத்தனை ரிங்கிட் என்பது தெளிவானபின் உங்கள் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். ஒரே அளவில் இரண்டு நண்டு இருந்தால் கையில் கனமானதை எடுங்கள். அடிப்பக்கத்து ஓடு, அழுத்தினால் அமுங்கக்கூடாது. அமுங்கினால் புதிதாகச் சட்டை உரித்தது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அடி மூடி அகலமாக வட்டமாக இருந்தால் பெண், முட்டை பிடிக்கும் என்றால் அது. கூராக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை அதிகம்.

தட்டில் வரும் நண்டெல்லாம் இந்தச் சேற்றிலேயே பிடித்தது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் உயிரோடு இருந்ததை உடனே சமைக்கிறார்கள், எனக்கு அது போதும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு நண்டாவது வெறும் ஆவியில் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். உப்பு முட்டை, பட்டர் என்று குழப்பினால் நல்ல நண்டும் கெட்ட நண்டும் ஒரே ருசிதான். மீனுக்குச் சியாக்காப், அதாவது கொடுவா, அதுவும் இஞ்சி போட்டு ஆவியில். தீவைச் சுற்றிக் கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கிறார்கள்.

முட்டி வலிக்கு நடை அதிகம் வேண்டாம். தீவில் கார் கிடையாது, வாடகைச் சைக்கிள் உண்டு. சந்துகள் குறுகல். ஊர்க்காரர்கள் மின்சார சைக்கிளில் சத்தமே இல்லாமல் வருவார்கள், பிள்ளைகளை ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

ஷா ஆலம் சலீம்:

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் சீனக் கடைகள், பன்றிக் கொழுப்பு சேரும் சமையலறைகள். நாங்கள் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து போர்ட் கிள்ளான் கடற்கரையில் தஞ்சோங் ஹராப்பானில் ஈக்கான் பாக்கார், அதாவது சுட்ட மீன், சாப்பிடுவோம். கடலும் ஆச்சு, வயிறும் நிறைஞ்சாச்சு.

துறைமுகத்தான் சொல்லும் ஆவி நண்டில் மட்டும் உடன்பாடில்லை. மிளகாய் இல்லாமல் நண்டா? என் பாட்டி கேட்டால் எழுந்து வருவார்.

பழைய கப்பல்:

எனக்கு வயது எழுபதுக்கு மேல். போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் பெயர் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். நாகப்பட்டினத்தில் ஏறி ரஜூலா கப்பலில் வந்து என் அப்பா கால் வைத்த மண் அது. படகு கிளம்பும்போது உள்ளே உட்கார்ந்து கைப்பேசி பார்க்காமல், பிள்ளைகளுக்குக் கரையைக் காட்டுங்கள். நண்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, டாக்டர் நிறுத்திவிட்டார்.

செரம்பான் கவி:

எல்லாருக்கும் நன்றி. ஒரே சிக்கல். அஷ்டமியில் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது என்று மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். நவமிக்கும் அதே பதில். அப்புறம், கொஞ்சம் நண்டு உயிரோடு வாங்கி வந்தால் செரம்பான் வரை தாங்குமா?

துறைமுகத்தான்:

அப்படியானால் தசமி. ஏற்றம் கொஞ்சம் தள்ளி, பிற்பகல் ஒன்றரை இரண்டு மணிவாக்கில் வரும். சாப்பாட்டையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்று நண்டு தாராளமாகத் தாங்கும். கொடுக்கைக் கட்டித்தான் தருவார்கள், அவிழ்க்க வேண்டாம். வாளித் தண்ணீரில் போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். நனைத்த செய்தித்தாளால் மூடி, காற்றுப் போகிற பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கொண்டு போங்கள். ஐஸ்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது செத்திருந்ததைச் சட்டியில் போடாதீர்கள், எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும் சரி. மற்றதை சலீம் பாட்டி முறையில் மிளகாய் போட்டே வையுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.