லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டை: பட்டமே வெல்லாத ஒருவருக்கு முதலிடம் கொடுக்கலாமா?

கேள்வி: நல்லூர்ப் பயிற்றுநன்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கி வருகின்றேன். அவர்களுள் உயரமும் எடையும் கூடிய இருவர், தாங்கள் நாளை நிற்கக்கூடிய லைட் ஹெவிவெயிட் பிரிவில், அதாவது தொழில்முறைக் கணக்கில் 175 இறாத்தலுக்கு உட்பட்ட பிரிவில், எக்காலத்துக்கும் பெரிய வீரர் யார் என்று என்னிடம் கேட்டனர். பழைய போட்டிகளின் ஒளிப்பதிவுகளைத் தேடி அவர்களுக்கு ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பதற்காக ஒரு வரிசை எழுதினேன். முதலில் றோய் ஜோன்ஸ், அடுத்து ஆர்ச்சி மூர், மைக்கேல் ஸ்பிங்ஸ், பொப் பொஸ்டர், ஜீன் ரனி, பில்லி கொன் என்று அது செல்கின்றது.

ஆனால் நான் வாசித்த வரிசைகளில் மீண்டும் மீண்டும் எஸ்ஸார்ட் சார்ள்ஸ் என்பவரே முதலிடத்தில் நிற்கின்றார். அவர் 1949இல், இதற்கு மேலான எடைப் பிரிவாகிய ஹெவிவெயிட்டின் பட்டத்தையும், அடுத்த ஆண்டில் ஜோ லூயிஸையும் வென்றவர் என்பது எனக்குத் தெரியும். லைட் ஹெவிவெயிட் பட்டத்தை மட்டும் அவர் ஒருநாளும் வென்றதில்லை. பட்டமே இல்லாத ஒருவரை அந்தப் பிரிவின் முதல்வர் என்று பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவது? உங்கள் வரிசையைக் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கொக்குவில் மூத்த வாசகர்

தம்பி, பட்டம் யாரிடம் இருந்தது என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யார் யாரை வென்றார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் ஆர்ச்சி மூரோடு சார்ள்ஸ் மூன்று தடவை மோதினார். 1946 மே மாதத்தில் பிற்ஸ்பேர்க்கில் புள்ளிகளால் வென்றார். 1947இல் சின்சினாட்டியில் பதினைந்து சுற்றுகளின் முடிவில் வென்றார். 1948 ஜனவரியில் கிளீவ்லாந்தில் எட்டாவது சுற்றில் நொக் அவுட் செய்தார். பிற்காலத்தில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்தப் பிரிவின் பட்டத்தைத் தன்னிடம் வைத்திருந்த மனிதரை, அவர் நல்ல வலுவோடு இருந்த காலத்திலேயே மூன்று முறை வென்ற ஒருவரை எந்த நியாயத்தின்படி அவருக்குக் கீழே வைப்பது?

இதனோடு முடியவில்லை. 1950 ஜனவரியில் பிரெடி மில்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்த ஜோயி மக்சிமைச் சார்ள்ஸ் மொத்தமாக ஐந்து தடவை வென்றிருக்கின்றார். 1943இல் ஜிம்மி பிவின்ஸ், லொயிட் மார்சல் ஆகிய இருவரிடமும் தோற்றார் என்பது உண்மைதான். இராணுவச் சேவை முடிந்து திரும்பிய பின்னர் அந்த இருவரையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எவரும் எதிர்கொள்ள விரும்பாத சார்லி பேர்லியை, இருபத்தொரு வயது நிரம்பாத நிலையில், 1942இல் இரண்டு முறை வென்றவரும் இவரே.

பட்டம் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது: பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே அவருக்கு அளிக்கப்படவில்லை. 1941இலிருந்து சம்பியனாக இருந்த கஸ் லெஸ்னெவிச், போர் முடிந்த பின்னரும் சார்ள்ஸையோ மூரையோ பட்டத்துக்காக எதிர்கொள்ளாமலே 1948இல் மில்ஸிடம் அதை இழந்தார். 1949இல் அதே லெஸ்னெவிச் ஹெவிவெயிட் பட்டத்துக்காகச் சார்ள்ஸின் முன்னால் வந்தபோது ஏழு சுற்றுகளுக்கு மேல் அவரால் தொடர முடியவில்லை. ஆகவே அந்த வெற்றிடம் சார்ள்ஸின் குறை அன்று, அந்தக் காலத்துப் பட்டப் போட்டிகள் ஒழுங்குசெய்யப்பட்ட முறையின் குறை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. மூரை மூன்றாவது தடவை வென்று ஒரு மாதம் சென்ற பின்னர், 1948 பெப்ரவரியில், சிக்காகோவில் சார்ள்ஸோடு மோதிய சாம் பரூடி என்ற இளம் வீரர் அந்தப் போட்டியில் பட்ட காயங்களால் இறந்துபோனார். அதன் பிறகு எதிராளி தளர்ந்து நிற்கும் வேளையில் சார்ள்ஸின் கைகள் முன்னைப்போல இறங்கவில்லை என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கின்றார்கள். என் தந்தையார் கட்டிவைத்திருந்த ஆங்கிலச் சஞ்சிகைகளில் இதை நான் சிறுவனாக வாசித்தேன். 1995 இடப்பெயர்வில் அந்தக் கட்டுகள் போய்விட்டன, வாசித்தது மட்டும் மனத்தில் நிற்கின்றது. ஹெவிவெயிட் சார்ள்ஸை மட்டும் பார்த்து அவரை எடைபோடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கின்றேன்.

பதில்: பருத்தித்துறை ஆசிரியர்

மூத்தவர் சொன்னதை ஏற்றுக்கொள்கின்றேன். ஆயினும் இந்த எடையில் ஒருவரிடமும் தோற்காமல் வெளியேறியவர் என்ற அளவுகோலைக் கொண்டால் ஸ்பிங்ஸை இரண்டாவதாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் தங்கம் வென்ற அவர், 1981இல் எடி முஸ்தபா முகமதுவிடமிருந்து, வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே வழங்கிய பட்டங்களுள் ஒன்றை எடுத்து, 1983 மார்ச்சில் மற்றைய பட்டத்தை வைத்திருந்த டுவைட் பிரக்ஸ்ரனைப் பதினைந்து சுற்றுகள் எதிர்த்துநின்று வென்று பிரிவையே ஒன்றாக்கினார். அந்தப் போட்டிக்கு இரண்டு மாதங்கள் வரை இருந்த வேளையிலேதான் தன் துணைவியை வீதி விபத்தில் இழந்திருந்தார். குள்ளமான உடலோடு ஓயாமல் உள்ளே புகுந்துவரும் பிரக்ஸ்ரனை இடக்கை நேர்க்குத்தால் மட்டும் தடுத்து நிறுத்திய விதத்தை உங்கள் உயரமான மாணவர்கள் இருவரும் கட்டாயம் பார்க்க வேண்டும். 1985இல் லாரி ஹோம்ஸை வென்றபோது, லைட் ஹெவிவெயிட் சம்பியனாக இருந்துகொண்டே ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. 1988இல் மைக் ரைசனிடம் 91 விநாடிகளில் விழுந்ததை மட்டும் வைத்து அவரை நினைவுகூர்வது மிகவும் வருந்தத்தக்கது.

றோய் ஜோன்ஸைப் பொறுத்தவரை, கைவேகத்தில் அவரை ஒத்த ஒருவரை நான் கண்டதில்லை. 1998இல் வேர்ஜில் ஹில்லை விலாவில் ஒரே குத்தால் வீழ்த்தியதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். எனினும் 175 இறாத்தலில் அவர் வென்றவர்களின் பெயர்களைச் சார்ள்ஸ் வென்றவர்களின் பெயர்களோடு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மைக் மக்கலம் அவரை எதிர்கொண்டபோது நாற்பதை நெருங்கியிருந்தார். அதே காலத்தில் இன்னொரு பட்டத்தை வைத்திருந்த டரியுஷ் மிகல்செவ்ஸ்கியோடு அவர் மோதவேயில்லை. 2004இல் அன்ரோனியோ ராவரும் கிளென் ஜோன்சனும் அவரை நொக் அவுட் செய்தது முதுமையின் விளைவு என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. முதல் ஐந்துக்குள் அவருக்கு இடம் உண்டு, முதலிடம் இல்லை.

பொஸ்டர் ஆறடி மூன்று அங்குலம். 1968இல் டிக் ரைகரை நொக் அவுட் செய்த ஒரே மனிதர் அவரே, அதுவும் ஒரு இடக்கை ஹூக்கால், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைத்து அடிக்கும் குத்தால். ஆனால் ஹெவிவெயிட் வீரர்களான பிரேசியரிடமும் அலியிடமும் போனபோது எடை அவருக்குத் துணை நிற்கவில்லை.

பதில்: கோண்டாவிலிலிருந்து மொன்றியல் சென்றவர்

மூரின் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1958 டிசெம்பரில் நான் இப்போது வாழும் இந்த மொன்றியல் நகரத்திலே, இவோன் டுரெல் என்ற கனேடிய மீன்பிடித் தொழிலாளி முதல் சுற்றிலேயே மூன்று தடவையும், ஐந்தாம் சுற்றில் ஒரு தடவையும் மூரை விழுத்தினார். நாற்பதைத் தாண்டிய மனிதர் (அவருடைய தாயார் 1913 என்றார், அவரே 1916 என்றார்) ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, பதினோராம் சுற்றில் டுரெலை நொக் அவுட் செய்து பட்டத்தைக் காப்பாற்றினார். வாழ்நாளில் 130க்கு மேற்பட்ட நொக் அவுட்கள் பெற்றவர், முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே, 1952 டிசெம்பரில், பட்டத்துக்கான முதல் வாய்ப்பைப் பெற்றார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. பழையவர்களையும் இன்றையவர்களையும் ஒரே வரிசையில் வைக்கும்போது எடை பார்க்கும் முறை மாறியதை மறக்கக் கூடாது. அன்று போட்டி நாளிலேயே எடை பார்த்தார்கள். இன்றோ போட்டிக்கு முந்திய நாளே பார்ப்பதால், 175 இறாத்தல் காட்டியவர் நீரும் உணவும் எடுத்து அதைவிடப் பல இறாத்தல் கூடிய உடலோடு கோதாவில் ஏறுகின்றார். மறுபக்கத்தில், அன்று பட்டப் போட்டி பதினைந்து சுற்றுகள், இன்று பன்னிரண்டு. 1941இல் பில்லி கொன் ஹெவிவெயிட் சம்பியனான ஜோ லூயிஸை எதிர்த்துப் பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் புள்ளிகளில் முன்னணியில் நின்றார், பதின்மூன்றாவது சுற்றில் விழுந்தார். இன்றைய விதியில் அவர் வென்றிருப்பார்.

இதே நகரத்தில் வாழும் ஆர்தர் பெற்றர்பியேவ், 2024 ஒக்டோபரில் ரியாத்தில் டிமித்ரி பிவொலை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். 2025 பெப்ரவரியில் பிவொல் அவரை வென்று அவற்றைத் தன்வசமாக்கினார். இரண்டிலும் நடுவர் ஒருவர் சமநிலை என்றே புள்ளியிட்டார். இருவரையும் வரிசையில் வைக்க இன்னும் காலம் வேண்டும் என்றாலும், பிவொலின் கால் அசைவை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: நல்லூர்ப் பயிற்றுநன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொக்குவில் ஐயா எழுதியதை வாசித்த பின்னர் வரிசையை மாற்றி எழுதினேன்: சார்ள்ஸ், மூர், ஸ்பிங்ஸ், ரனி, ஜோன்ஸ், பொஸ்டர், கொன். ஸ்பிங்ஸை மூருக்கு மேலே வைக்க என் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. தோல்வியே இல்லாத சில ஆண்டுகளைவிட, வாய்ப்பு மறுக்கப்பட்டும் தளராமல் நின்ற அந்த நீண்ட காலம் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றது. ரனியை ஜோன்ஸுக்கு மேலே உயர்த்தியதற்குக் காரணம் ஹரி கிரெப். 1922இல் தன்னைக் குருதி வழிய அடித்து, வாழ்நாளில் பதிவான ஒரே தோல்வியைத் தந்த அதே மனிதரை ரனி ஒதுங்கிப் போகாமல் மேலும் நான்கு தடவை எதிர்கொண்டார். கிரெப் மோதிய போட்டி எதற்கும் ஒளிப்பதிவு இல்லை என்பதால் அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழியில்லை, வாயால்தான் சொல்ல வேண்டும்.

வருகின்ற சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் மூர், டுரெல் போட்டியின் முதல் சுற்றைப் போட்டுக் காட்டி, மூர் மூன்றாவது தடவை விழும் இடத்தில் நிறுத்திவிட்டு, இனி என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கப் போகின்றேன்.